சீதாதேவி ஏறிய தேரும், சீதாதேவி என்ற விமானமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஆகாயத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 355 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 192 கடல் மைல். கடலும் கரையும் இடம் பெயராத வரை இந்தக் கணக்கு மாறாது. ஆனால் இதைக் கடக்கப் பிடிக்கும் நேரம் இருக்கிறதே, அது தேர்தல் வாக்குறுதி மாதிரி. ராமாயணத்தில் ஒரே தாவலாக இருந்தது. 1947-இல் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரமானது. பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது. நடுவில் சில காலம் எத்தனை நாள் என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியவில்லை. இப்போது சுற்றிச் சுற்றி மறுபடியும் ஒன்றேகால் மணிக்கே வந்து நிற்கிறது. இந்த வழித்தடத்தின் வரலாற்றை அறிஞர் யாராவது ஒழுங்காக எழுத வேண்டும். அதுவரை இதை வைத்துச் சமாளியுங்கள்.

தமிழகக் கரையைத் தாண்டி இலங்கைக்கு வான்வழியே போனதாக நம் இலக்கியம் சொல்லும் முதல் பயணி சீதாதேவி. டிக்கெட் எடுத்தவர் அவரில்லை. சம்மதமும் யாரும் கேட்கவில்லை. ராவணன் அவரைப் புஷ்பக விமானத்தில் கடத்திக்கொண்டு போனான் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலண்டர் ஓவியர்கள் பார்த்த வேலை அது. வால்மீகியிலும் சரி, கம்பனிலும் சரி, போகும்போது வந்தது தேர். புஷ்பகம் வந்தது திரும்பும்போது. அதிலும் கம்பர் ஒரு காரியம் செய்கிறார். விருப்பமில்லாத பெண்ணைத் தொடக்கூடாது என்று ராவணனுக்கு ஒரு பழைய சாபம் இருப்பதால், பர்ணசாலையை அடிமண்ணோடு பெயர்த்துத் தேரில் ஏற்ற வைத்துவிடுகிறார். ஒரு பயணி, ஒரு குடிசை, அதன் கீழிருந்த நிலம். ஏழு கிலோ கைப்பையில் அரைக் கிலோ கூடிவிட்டதென்று கவுண்டர் முன்னால் குத்தவைத்து, முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணிக்கிற நம் காலத்துப் பயணிக்கு இதைப் படித்தால் வயிறு எரியும்.

வழியில் ஜடாயு. விமானத்தில் பறவை மோதுவதை இன்றைக்குத் தனிப் பதிவேடு போட்டுக் குறித்து வைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் வேண்டுமென்றே மோதிய பறவை ஜடாயு ஒருவர்தான் இருக்க முடியும். தேர் நொறுங்கியது. ராவணன் சளைக்காமல் குடிசையை மண்ணோடு தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தைக் கடந்தான். நடுவழியில் வாகனம் பழுதானதும் மாற்று ஏற்பாடு செய்து, பயணியையும் லக்கேஜையும் அன்றைக்கே கொண்டுசேர்த்த இந்தத் தொழில் சுத்தத்தைப் பிறகு வந்த எந்த நிறுவனத்திடமும் நான் பார்க்கவில்லை. வால்மீகி கணக்கில் ஒரு நகை மூட்டை மட்டும் மலைமேல் விழுந்தது. கண்டெடுத்தவர்கள் அப்படியே பத்திரப்படுத்தி, உரியவரிடம் ஒப்படைத்தார்கள். குரங்குகள் என்பதால்.

அடுத்தவர் அனுமன். நூறு யோசனைத் தூரம் தாவினார் என்கிறார்கள். யோசனை ஒன்றுக்கு எட்டு மைல் என்று பிடித்தால் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதோ முப்பது கிலோமீட்டர் சொச்சம். இலங்கைத் தீவின் மொத்த நீளமே 435 கிலோமீட்டர்தான். வால்மீகி சொன்ன தூரத்தை அனுமன் உண்மையாகவே தாவியிருந்தால் இலங்கையைத் தாண்டி, தெற்கே தண்ணீரில் விழுந்து, திமிங்கலத்திடம் வழி கேட்டிருப்பார். ஆகவே தூரத்தைக் கூட்டிச் சொல்லிக் கட்டணம் வாங்குவது இந்தத் தடத்தில் ஆதியிலிருந்தே இருக்கிற பழக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவருடைய பயணத்தில் இன்றைய விமான நிலையம் முழுக்க அடங்கியிருக்கிறது. கடலுக்குள்ளிருந்து எழும்பி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்களேன் என்று உபசரித்த மைநாக மலை, ஓய்வறை. வாய்க்குள் நுழைந்துதான் தீரவேண்டும் என்று வாயைப் பிளந்து நின்ற சுரசை, பாதுகாப்புச் சோதனை. நிழலைப் பிடித்து ஆளையே இழுத்த அரக்கி, ராடார். எல்லாம் முடிந்து ஊர் வாசலுக்கு வந்தால் குடிவரவு அதிகாரியாக இலங்கிணி. ராவணன் காலத்தில் யாழ்ப்பாணத் தமிழா என்று கேட்காதீர்கள்; என் காதில் அப்படித்தான் விழுகிறது.

“ஆர் நீர்? எங்க போறீர்?”

“ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேம்மா.”

“எத்தினை நாள் நிக்கப் போறீர்?”

“ஒரு ராத்திரி. விடிஞ்சா கெளம்பிருவேன்.”

முதல் பதில் என் கற்பனை இல்லை. ஊரைப் பார்க்கும் ஆசையால் வந்தேன் என்றுதான் அவர் அங்கே சொல்கிறார். விண்ணப்பத்தில் எழுதியது சுற்றுலா. செய்த காரியம் அதிகாரியை ஓர் அறை, அசோகவனத்தில் மரங்கள் சேதம், கடைசியில் ஊருக்கே தீ. சுற்றுலா விசாவில் போய் வேறு வேலை பார்த்தவர்களின் பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு ஆகாயம் ரொம்ப காலம் காலியாகக் கிடந்தது. சோழர்கள் கப்பலில் போனார்கள். ராஜேந்திரன் படை 1017 வாக்கில் அங்கே போனபோது கையில் வாள். வரும்போது அரசன் ஐந்தாம் மகிந்தன், அவன் மணிமுடி, போதாக்குறைக்குப் பாண்டியன் அங்கே ஒளித்து வைத்திருந்த முடி. சுங்கத்தில் எதையும் காட்டியதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் போர்த்துகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர். இவர்களில் யாருக்கும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராகப் போக வேண்டும் என்ற எண்ணம் பெரிதாக எழவில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடி வழியாக ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ரயில், தனுஷ்கோடியில் நீராவிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், முடிவில் கொழும்புக் கோட்டை. ஒரே டிக்கெட். கேட்கவே ராஜ உபசாரம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் நிலைமையைப் பாருங்கள். தலைமன்னாரில் இறங்கியவர், தன் ஊர் வடக்கே இருக்க, தென்கிழக்காக மதவாச்சி சந்திப்பு வரை போய், அங்கே மூட்டை முடிச்சோடு காத்திருந்து, வேறு ரயில் பிடித்து வடக்கே ஏறி வரவேண்டும். ரயில் பாதை போட்ட துரைக்கு வேண்டியிருந்தது தோட்டத்துக்கு ஆட்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டு வியாபாரியின் இடுப்பு வலி அவர் வரைபடத்தில் இல்லை.

விமானமும் முதலில் அப்படித்தான் தலைக்கு மேலே போனது. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தது. கராச்சி முதல் பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட். ஆட்களை ஏற்றவில்லை, கடிதங்களுக்குத்தான் அந்தச் சொகுசு. 1935 நவம்பர் 27 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. ஓட்டிவந்தவர் சென்னை ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. விமானம் புஸ் மாத் என்கிற குட்டி. உள்ளே உட்கார இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். யாழ்ப்பாணத்தில் இறங்க அவர் ஆசைப்பட்டிருந்தாலும் பனந்தோப்பில்தான் இறங்கியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு ஓடுபாதை கிடைத்தது ஜப்பான்காரன் புண்ணியத்தில். 1942 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. தீவைக் காப்பாற்ற வேண்டிய பிரிட்டிஷ் விமானப்படை அந்த உலகப் போர்க் காலத்தில் பலாலியில் தளம் அமைத்தது. ஜப்பான்காரன் பலாலிக்கு வரவில்லை. போர் முடிந்தது, வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான், ஓடுபாதை மிஞ்சியது.

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. 1947 டிசம்பர் 10. இந்தியா சுதந்திரம் வாங்கி நான்கு மாதம் கூட ஆகவில்லை. இலங்கைக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. ஏர் சிலோன் என்ற புத்தம் புது நிறுவனம் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து கிளப்பி, காங்கேசன்துறை என்று பெயர் சொல்லிப் பலாலியில் இறக்கி, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பியது. டகோட்டா ரகம். நிறுவனத்தின் கையில் மூன்று டகோட்டாக்கள் இருந்தன. மூன்றுக்கும் தேவிகளின் பெயர். ஒன்று விகாரமகாதேவி, இன்னொன்று சுனேத்ராதேவி. சென்னைக்கு முதன்முதலில் அனுப்பப்பட்டதன் பெயர்?

சீதாதேவி.

அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யோசித்து வைத்தாரா, யோசிக்காமல் வைத்தாரா, இதை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதுண்டு. லங்கையின் சொந்த நிறுவனம் பாரதத்துக்கு அனுப்புகிற முதல் விமானம், அதற்குச் சீதையின் பெயர். பழைய பாக்கியைத் தீர்க்கிறோம் என்ற அர்த்தமா, அல்லது, பார், அனுப்பியும் வைப்போம், திரும்ப அழைத்தும் வருவோம் என்ற சவாலா? எப்படியோ, இந்த முறை பாலம் கட்டவில்லை, படை திரட்டவில்லை, யாரையும் தீக்குளிக்கச் சொல்லவில்லை. சீதாதேவி போனார், வந்தார், பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடியும் போனார்.

டகோட்டாவில் ஏறுவதே ஒரு சிறு மலையேற்றம். வாலில் ஒரு சின்னச் சக்கரம் தரையைத் தொட, மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். பின்பக்கக் கதவில் நுழைந்தால் இருக்கைகளுக்கு நடுவே நடை சரிவாக மேலே போகும். முன் வரிசை கிடைத்தவர் இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். பட்டுப் புடவையும் பித்தளைத் தூக்குமாக ஏறும் மாமிக்கு அதுவே திருப்பதிப் படி. உள்ளே காற்றழுத்தம் சீர்செய்கிற வசதி கிடையாது. உயரே போகப் போகக் காது அடைக்கும், இறங்கும்போது குடையும். இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கிற குரல் வேண்டும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகம். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரம் என்பது அந்தக் கணக்குத்தான்.

விமானம் தொடங்கிய மறு வருடமே 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து, தேயிலைத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கில் எந்த நாட்டுக்காரர்களும் இல்லாமல் போனார்கள். கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் காலங்காலமாகப் போய்வந்தவர்களிடம் திடீரென்று தாள் கேட்டார்கள். தாள் இல்லாதவருக்குக் கள்ளத்தோணி என்று பெயரும் வைத்தார்கள்.

தோணி என்றதும் வல்வெட்டித்துறையை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த ஊர்க்காரர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை ஒரு அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது 1938-இல் அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸில் போய் நின்றது. அமெரிக்கா வரை கப்பல் விட்டவர்களுக்குக் கோடியக்கரை எம்மாத்திரம்? பலாலியிலிருந்து கோடியக்கரை அறுபது கிலோமீட்டர்தான். எம்.ஜி.ஆர். படம் வந்தால் படகு கட்டிப் போய்ப் பார்த்துவிட்டு விடிவதற்குள் வீட்டில் இருப்போம் என்று வடமராட்சிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எவ்வளவு உண்மை, எவ்வளவு உப்புக்காற்று என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தடத்தில் விமானத்தைவிட ஒழுங்காக நேரம் காத்தது படகுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போனது. போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்று, ‘ராமானுஜம்’ கப்பல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. அந்தப் பக்கம் டகோட்டா போய் ஆவ்ரோ வந்தது. 1978 செப்டம்பர் 7 அன்று, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்து நின்ற ஏர் சிலோன் ஆவ்ரோ ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஆண்டு ஏர் சிலோனே இல்லை. ஏர் லங்கா வந்தது. 1983-இல் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு பலாலி முழுக்க ராணுவத்தின் கைக்குப் போனது.

அந்தக் காலத்தைப் பற்றி நக்கலடிக்க எனக்கு வாய் வரவில்லை. 1990-இல் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் காலியாக்கப்பட்டன. வீடும் தோட்டமும் கிணறும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நேரடி விமானம் இல்லாத அந்த முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலான காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போவது எப்படி? மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது எப்படியோ அப்படி. முதலில் சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா, 640 கிலோமீட்டர் சொச்சம். அங்கே இறங்கி, கொழும்பில் இரவு பஸ் பிடித்து, ஏ9 சாலை திறந்திருக்கிற அதிர்ஷ்டம் இருந்தால் சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டும். 355 கிலோமீட்டர் போக ஆயிரத்துக்கு மேல் கிலோமீட்டர். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள்: கோடு கிட்டத்தட்ட யாழ்ப்பாண நகரத்தின் மேலேயே போகும். பலாலி ஓடுபாதைக்கு ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. வீட்டு மொட்டை மாடியைத் தாண்டிப் போய், முந்நூறு கிலோமீட்டர் தெற்கே இறங்கி, விடிய விடியப் பஸ்ஸில் குலுங்கி அதே வீட்டுக்கு வருவதற்குப் பெயர்தான் பயணத் திட்டம். ரயிலும் உதவவில்லை. 1956-இல் தொடங்கிய யாழ்தேவி 1990-இல் நின்றது. மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட 2014 ஆனது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க இருவரும் வந்திருந்தார்கள். ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது என்பதை நான் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். நவம்பரில் பயணிகள் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் காத்திருந்து நான்கு மாதம் ஓடியிருக்கிறது! 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பம். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

இப்போது பறப்பது ஏடிஆர் 72. காற்றாடி சுழலும் டர்போ எஞ்சின், மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வரை போகும். டகோட்டாவைவிட நல்ல வேகம். அப்படியானால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் அல்லவா போய்ச் சேர வேண்டும்? அட்டவணை ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. அட்டவணை நேரம் என்பது வானத்தில் இருக்கும் நேரமல்ல. சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டையை வைக்கிற வரை. மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்று ஊர்வது, மேலே ஏறுவது, அங்கே சுற்றி வந்து இறங்குவது, இதற்கெல்லாம் மேல் தாமதமானாலும் ‘நேரத்துக்கு வந்தோம்’ என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கையிருப்பு. இத்துடன் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் நேரம், மூன்று மணி நேரம் முன்னதாக வரச்சொல்லும் சட்டம். எஞ்சின் சம்பாதித்ததை வரிசை தின்றுவிட்டது. எழுபத்தைந்து வருட முன்னேற்றத்தில் இந்தத் தடத்தில் கண்கூடாகத் தெரிவது ஒன்றுதான்: காது அவ்வளவாக அடைப்பதில்லை.

2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் தொடங்கியது. அது 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை ஆகாய வழியில் 290 கிலோமீட்டருக்கு மேல். பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானை 330. அதாவது திருச்சிக்காரருக்குத் தன் தலைநகரைவிட யாழ்ப்பாணம் கிட்டே. யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தன் தலைநகரைவிடத் திருச்சி கிட்டே. இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் இத்தனை காலம் கட்டுநாயக்காவைச் சுற்றி வந்தது இரண்டு அரசாங்கங்களுக்கும் அழகல்ல.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்தச் சன்னலிலும் கீழே தெரியும். போகும்போது வலப்பக்கம் கேட்டால் தமிழகக் கரை முழுக்க உங்களுடையது. விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதினால் தயவுசெய்து சுற்றுலா மட்டும் பாருங்கள்.